எஸ்எஸ்எச் தனிச்சாவி மேலாண்மை

எஸ்எஸ்எச் தனிச்சாவி மேலாண்மை என்பது, கட்டளைவரியின் வழியாகத் தொலைவிலுள்ள கணினி ஒன்றினுள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்எச் நெறிமுறையில், பயனருக்கு உரிய தனிச்சாவியை உருவாக்குதல், காத்தல், பயன்படுத்துதல், மாற்றுதல், நீக்குதல் ஆகிய செயல்களைக் குறிக்கும். வழங்கிகளைப் பராமரிப்போர், மென்பொருள் எழுதுவோர், மீத்திறன் கணினிகளில் ஆய்வு செய்யும் அறிவியலாளர் முதலியோர் இதனை நாள்தோறும் கையாள்கின்றனர். கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்து நுழைவதை விட இம்முறை பாதுகாப்பானதாகக் கருதப்படுகிறது. எனினும் அப்பாதுகாப்பு கணிதத்தால் மட்டும் கிட்டுவதன்று. வெளியில் தெரியவந்த பெரிய ஊடுருவல்கள் பலவற்றில் சாவியின் கணிதம் உடைக்கப்படவில்லை. சாவிக் கோப்பு எங்கே வைக்கப்பட்டது, எத்தனை படிகள் எடுக்கப்பட்டன, எவ்வளவு நேரம் திறந்த நிலையில் இருந்தது என்பவற்றில்தான் பிழை நேர்ந்தது.

சாவி என்னும் உவமை

சாவி என்னும் சொல் போர்த்துக்கேய மொழியிலிருந்து தமிழுக்கு வந்தது. திறவுகோல் என்பது அதற்கு ஈடான தமிழ்ச்சொல். மறையீட்டியலில் இக்கருத்தைக் குறிக்கத் தனிச்சாவி, தனித்திறவுகோல், அந்தரங்கச் சாவி, தனி விசை எனப் பல ஆக்கங்கள் தமிழில் வழங்குகின்றன. இக்கட்டுரையில் தனிச்சாவி, பொதுச்சாவி ஆகிய சொற்கள் ஆளப்படுகின்றன.

இவ்வுவமை ஓரளவுக்கே பொருந்தும். வீட்டுச் சாவி பூட்டுக்குள் நுழைந்தால்தான் கதவு திறக்கும். தனிச்சாவியோ உரியவரின் கணினியை விட்டு வெளியே செல்லத் தேவையே இல்லை. இதனை அரசரின் முத்திரை மோதிரத்தோடு ஒப்பிடுவது கூடுதல் பொருத்தமாகும். மோதிரம் அரசரின் விரலிலேயே இருக்கும். ஒவ்வோர் ஓலையிலும் அதன் பதிவு மட்டும் இடப்பட்டுச் செல்லும். பதிவு எப்படி இருக்க வேண்டும் என்பது வாயிற்காவலருக்குத் தெரியும். அவர் அறிந்து வைத்திருப்பதே பொதுச்சாவி. மெழுகில் பதிந்த முத்திரையைப் பார்த்துத் தேர்ந்த கைவினைஞர் ஒருவர் போலி மோதிரம் செய்துவிடக்கூடும். பொதுச்சாவியிலிருந்து தனிச்சாவியைக் கணக்கிடுவதோ நடைமுறையில் இயலாத அளவுக்குக் கடினமானது.

வரலாறு

எஸ்எஸ்எச் தோன்றும் முன் யுனிக்சு கணினிகளில் தொலைநுழைவுக்கு டெல்நெட், ஆர்லாகின், ஆர்எஸ்எச் ஆகியன பயன்பட்டன. இவற்றில் கடவுச்சொல் உட்பட அனைத்தும் குறியாக்கம் செய்யப்படாமல் பிணையத்தில் சென்றன. 1995 ஆம் ஆண்டு பின்லாந்தின் எல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகப் பிணையத்தில் ஒருவர் கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்டுத் திரட்டியது கண்டறியப்பட்டது. அங்கு ஆய்வாளராக இருந்த தாத்து யூலோனென் அதற்கு மாற்றாக எஸ்எஸ்எச் நிரலை எழுதி, அவ்வாண்டு சூலையில் வெளியிட்டார். கோப்புப் பரிமாற்றத்திற்கு உரிய 21, டெல்நெட்டுக்கு உரிய 23 ஆகிய துறை எண்களுக்கு இடையில் காலியாக இருந்த 22 இதற்கு ஒதுக்கப்பட்டது. சாவி முகவரும் தொடக்கக் காலப் பதிப்புகளிலேயே இடம்பெற்றது.

பின்னர் மூல நிரலின் உரிமம் கட்டுப்பாடுகள் மிகுந்ததாக மாறியது. எனவே ஓப்பன்பிஎஸ்டி திட்டத்தினர் பழைய கட்டற்ற பதிப்பொன்றை அடிப்படையாகக் கொண்டு ஓப்பன்எஸ்எஸ்எச் மென்பொருளை உருவாக்கி 1999 திசம்பரில் வெளியிட்டனர். நெறிமுறையின் இரண்டாம் பதிப்பு 2006 சனவரியில் ஆர்எப்சி 4250 முதல் 4254 வரையான ஆவணங்களாகத் தரப்படுத்தப்பட்டது. லினக்சு, மேக் இயங்குதளங்களில் ஓப்பன்எஸ்எஸ்எச் நெடுங்காலமாக உள்ளது. விண்டோசு 10 இல் 2018 முதல் இதன் பயனர் பகுதி உடன் வருகிறது. அதற்கு முன்னர் விண்டோசுப் பயனர்கள் பெரும்பாலும் சைமன் தாத்தம் எழுதிய புட்டி என்னும் கட்டற்ற மென்பொருளையே நம்பியிருந்தனர். இன்றும் அது பரவலாகப் பயன்படுகிறது.

செயற்படும் முறை

எடுத்துக்காட்டாக, திருவண்ணாமலையின் கிரிவலப் பாதையை ஒட்டிய அடி அண்ணாமலையில் தம் வீட்டிலிருந்து பணிபுரியும் மென்பொருளாளர் ஒருவர், சென்னையிலுள்ள வழங்கி ஒன்றினுள் நுழைய விரும்புவதாகக் கொள்வோம். அவர் தம் மடிக்கணினியில் எஸ்எஸ்எச்-கீஜென் என்னும் கட்டளையை இயக்கினால் இரண்டு கோப்புகள் உருவாகும். ஒன்று தனிச்சாவி, மற்றொன்று அதன் இணையான பொதுச்சாவி. பொதுச்சாவியின் ஒற்றை வரி உரையைச் சென்னை வழங்கியில் தம் கணக்கிற்கு உரிய அனுமதிக் கோப்பில் அவர் சேர்க்க வேண்டும். எஸ்எஸ்எச்-காப்பி-ஐடி என்னும் சிறு நிரல் இவ்வேலையைச் செய்து தரும்.

அவர் இணைப்பைத் தொடங்கும்போது இரு கணினிகளும் முதலில் தமக்குள் ஓர் அமர்வுச் சாவியை உடன்பட்டுக்கொள்கின்றன. வழங்கி தன் சொந்தச் சாவியால் கையொப்பமிட்டுத் தன்னை மெய்ப்பிக்கிறது. அதன்பின் மடிக்கணினி, பயனர் பெயரும் அந்த அமர்வுக்கே உரிய அடையாள எண்ணும் அடங்கிய செய்தி ஒன்றில் தனிச்சாவியால் கையொப்பமிட்டு அனுப்புகிறது. வழங்கி அதனைப் பொதுச்சாவியால் சரிபார்த்துப் பயனரை அனுமதிக்கிறது. அமர்வு எண் ஒவ்வொரு முறையும் மாறுவதால், ஓர் அமர்வில் பெற்ற கையொப்பத்தை மற்றோர் இடத்தில் மீண்டும் காட்டி நுழைய முடியாது.

இதன் விளைவு முதன்மையானது. சென்னை வழங்கியே ஒருவேளை பகைவர் கையில் சிக்கியிருந்தாலும் அடி அண்ணாமலையிலுள்ள தனிச்சாவி களவு போவதில்லை. கடவுச்சொல்லுக்கு இப்பண்பு கிடையாது. கைப்பற்றப்பட்ட வழங்கியில் தட்டச்சு செய்யப்படும் கடவுச்சொல், அதனைக் கைப்பற்றியவருக்கும் தெரிந்துவிடும்.

தனிச்சாவிக் கோப்பு

பயனரின் இல்ல அடைவினுள் மறைந்திருக்கும் ஓர் அடைவில் தனிச்சாவி ஓர் உரைக் கோப்பாகவே சேமிக்கப்படுகிறது. சில நூறு முதல் சில ஆயிரம் எழுத்துகள் கொண்ட இக்கோப்பைப் படிக்க முடிந்த எவரும் அதனைப் படியெடுக்கலாம். படியெடுத்ததற்குத் தடயம் ஏதும் எஞ்சாது. தொலைந்த வீட்டுச் சாவியின் இடம் காலியாகத் தெரியும். களவுபோன சாவிக் கோப்போ இருந்த இடத்திலேயே இருக்கும்.

இதனால் ஓப்பன்எஸ்எஸ்எச் கோப்பின் அனுமதிகளைச் சோதிக்கிறது. உரியவர் மட்டுமே படிக்க இயலும் 600 அல்லது அதனினும் இறுக்கமான அனுமதி இல்லாவிடில், எச்சரிக்கை காட்டிச் சாவியைப் பயன்படுத்த மறுத்துவிடும். பென்டிரைவ்களில் வழக்கமான ஃபேட் கோப்பு முறைமைக்கு யுனிக்சு அனுமதிகள் இல்லை. பென்டிரைவிலிருந்து நேரடியாகச் சாவியைப் பயன்படுத்த முயல்வோர் இவ்வெச்சரிக்கையை அடிக்கடி சந்திப்பது இதனாலேயே. அது மென்பொருளின் பிழையன்று. 2000களில் தமிழகச் சிற்றூர்களில் பிரவுசிங் சென்டர்களில் அமர்ந்து, பென்டிரைவில் கொண்டுவந்த புட்டியையும் சாவியையும் கொண்டு வழங்கிகளை நிருவகிப்பது அரிதன்று. பிறர் கட்டுப்பாட்டிலுள்ள கணினியில் சாவிக் கோப்பும் அதனைத் திறக்கும் சொல்லும் ஒருசேர வெளிப்படுவதால், அது மிகவும் ஆபத்தான பழக்கமாகும்.

கோப்பு களவுபோனாலும் உடனே பயன்படாதிருக்க அதனைக் கடவுத்தொடர் ஒன்றினால் குறியாக்கம் செய்து வைக்கலாம். கடவுத்தொடர் வழங்கிக்கு அனுப்பப்படுவதில்லை. கோப்பைத் திறக்க மட்டுமே பயன்படுகிறது. அது மறந்துபோனால் மீட்க வழியில்லை. புதிய சாவி இணையையே உருவாக்க வேண்டும். பழைய கோப்பு வடிவத்தில் கடவுத்தொடர் எம்டி5 சாரம் ஒருமுறை மட்டும் கணக்கிடப்பட்டுக் குறியாக்கச் சாவியாக மாற்றப்பட்டது. இக்காலக் கணினிகளால் நொடிக்குப் பெருந்தொகையான கடவுத்தொடர்களை முயன்று பார்க்க இயலுமாதலால் இப்பாதுகாப்பு மெலிந்துபோனது. 2014 சனவரியில் வெளியான ஓப்பன்எஸ்எஸ்எச் 6.5, பிகிரிப்ட் அடிப்படையிலான புதிய வடிவத்தைக் கொணர்ந்தது. இதில் ஒவ்வொரு முயற்சியும் வேண்டுமென்றே மெதுவாக்கப்பட்டுள்ளது. 2018 ஆகத்து மாதத்தில் வந்த 7.8 பதிப்பு முதல் அதுவே இயல்பு வடிவமானது. பழைய கோப்பு வைத்திருப்போர், இக்காலப் பதிப்பு ஒன்றில் கடவுத்தொடரை மாற்றும் விருப்பத்தை இயக்கினாலே கோப்பு புதிய வடிவத்திற்கு மாறிவிடும். சாவி மாறாது, வழங்கிகளில் எதையும் மாற்ற வேண்டியதில்லை.

சாவி வகைகளுள் டிஎஸ்ஏ வழக்கொழிந்துவிட்டது. 2025 ஏப்பிரலில் வெளியான 10.0 பதிப்பில் முற்றிலும் நீக்கப்பட்டது. ஆர்எஸ்ஏ இன்றும் உள்ளது. எனினும் சா-1 சாரத்துடன் கூடிய அதன் பழைய கையொப்ப முறை 2021 இல் வந்த 8.8 முதல் இயல்பாக ஏற்கப்படுவதில்லை. புதிதாகச் சாவி உருவாக்குவோருக்கு நீள்வளைய அடிப்படையிலான ஈடி25519 பரிந்துரைக்கப்படுகிறது. 2023 அக்டோபரில் வந்த 9.5 முதல் எஸ்எஸ்எச்-கீஜென் இயல்பாக உருவாக்குவதும் இதுவே.

சாவி முகவர்

கடவுத்தொடர் இட்ட சாவியில் ஒரு தொல்லை உண்டு. ஒவ்வோர் இணைப்பிற்கும் அதனைத் தட்டச்சு செய்ய வேண்டும். நாளொன்றுக்கு நாற்பது முறை வழங்கிகளில் நுழைபவர் விரைவிலேயே சலித்துக் கடவுத்தொடரை வெறுமையாக விட்டுவிடுவார். இச்சலிப்பைத் தீர்ப்பதற்காக அமைந்ததே சாவி முகவர் ஆகும். ஓப்பன்எஸ்எஸ்எச் மென்பொருளில் இது எஸ்எஸ்எச்-ஏஜென்ட் எனவும், புட்டித் தொகுப்பில் பேஜன்ட் எனவும் பெயர் பெறும்.

முகவர் பின்னணியில் இயங்கும் ஒரு நிரல். எஸ்எஸ்எச்-ஆட் என்னும் கட்டளையால் பயனர் ஒருமுறை கடவுத்தொடரைத் தந்து சாவியை முகவரிடம் ஒப்படைக்கிறார். திறந்த சாவி அதன்பின் முகவரின் நினைவகத்தில் மட்டும் இருக்கும். இணைப்புத் தொடங்கும் நிரல்கள், யுனிக்சு சாக்கெட் ஒன்றின் வழியாக முகவரிடம் “இச்செய்தியில் கையொப்பமிட்டுத் தருக” என்று கேட்கின்றன. முகவர் கையொப்பத்தைத் தருமேயன்றிச் சாவியைத் தருவதில்லை. “சாவியை எடுத்துக்கொடு” என்னும் கட்டளை அந்நெறிமுறையிலேயே இல்லை.

முகவரைத் தொடங்குவதில் புதியவர்கள் வழக்கமாக இடறும் இடம் ஒன்றுண்டு. எஸ்எஸ்எச்-ஏஜென்ட் என்று மட்டும் தட்டச்சு செய்தால் சில வரிகள் திரையில் தோன்றும். அடுத்து எஸ்எஸ்எச்-ஆட் இயக்கினால் முகவரைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்னும் பிழைச்செய்தி வரும். யுனிக்சில் ஒரு சேய்ச் செயலாக்கம் தன் தாய்ச் செயலாக்கத்தின் சூழல் மாறிகளை மாற்ற முடியாது. ஆகவே முகவர் தன் சாக்கெட் இருக்கும் இடத்தைக் கட்டளை வடிவில் அச்சிட்டுக் காட்டுகிறது. அவ்வரிகளை இவால் என்னும் உள்ளகக் கட்டளையால் கட்டளைக்கூடே ஏற்று இயக்கினால்தான் தொடர்பு கிட்டும். இதனை அறியாது மீண்டும் மீண்டும் முயல்வோரின் கணினியில், கேட்பாரற்ற முகவர்கள் பல பின்னணியில் எஞ்சிவிடுகின்றன. இன்றைய மேசைச்சூழல்கள் பலவும் பயனர் நுழையும்போதே முகவரைத் தொடங்கிவிடுவதால் இத்தொல்லை குறைந்துள்ளது.

மற்றொரு குழப்பம் சாவிகளின் எண்ணிக்கையால் வருவது. முகவர் தன்னிடமுள்ள சாவிகளை ஒவ்வொன்றாக வழங்கியிடம் காட்டுகிறது. ஓப்பன்எஸ்எஸ்எச் வழங்கி இயல்பாக ஆறு முயற்சிகளையே ஏற்கும். ஏழாவது சாவிதான் சரியானது என்றால், அது காட்டப்படும் முன்பே இணைப்பு துண்டிக்கப்பட்டுவிடும். எந்த வழங்கிக்கு எந்தச் சாவி என்பதை அமைவுக் கோப்பில் எழுதி, அச்சாவியை மட்டும் காட்டுமாறு பணிப்பதே இதற்குத் தீர்வு.

முகவரிடம் உள்ள சாவிக்கு வாழ்நாள் குறிக்கலாம். எடுத்துக்காட்டாக ஒரு மணி நேரம் என்று குறித்தால் அதன்பின் முகவர் அதனைத் தானே மறந்துவிடும். ஒவ்வொரு கையொப்பத்திற்கும் பயனரின் ஒப்புதலைத் திரையில் கேட்குமாறும், தற்காலிகமாக முகவரைப் பூட்டுமாறும், எல்லாச் சாவிகளையும் ஒரே கட்டளையில் நீக்குமாறும் செய்யலாம். இவை கருவியில் நெடுங்காலமாக இருந்தும் இயல்பாக இயக்கப்படுவதில்லை. காலையில் ஒப்படைத்த சாவி, மடிக்கணினியை மூடி உறக்க நிலையில் வைத்துப் பேருந்தில் செல்லும்போதும் நினைவகத்தில் திறந்தே கிடக்கும். நினைவகத்திலிருந்து சாவியைக் கசியவிடும் இசுபெக்டர், ரோஹாமர் போன்ற வன்பொருள் தாக்குதல்கள் வெளியான பின், 2019 முதல் ஓப்பன்எஸ்எஸ்எச் பயன்பாட்டில் இல்லாத நேரத்தில் சாவியை நினைவகத்திலும் குறியாக்கம் செய்தே வைக்கிறது. எனினும் திறந்து கிடக்கும் முனையத்தின் முன் வந்து அமர்பவரை இது தடுக்காது.

முகவர் முன்னனுப்பல்

மேற்கண்ட எடுத்துக்காட்டில், சென்னை வழங்கி ஒரு வாயில் மட்டுமே என்றும், உண்மையில் பணி செய்ய வேண்டிய வழங்கி அதற்குப் பின்னால் மும்பையில் உள்ளது என்றும் கொள்வோம். மும்பைக்குச் செல்லும் இணைப்பு சென்னையிலிருந்து தொடங்குகிறது. தனிச்சாவியோ அடி அண்ணாமலையில் உள்ளது. தனிச்சாவியைச் சென்னை வழங்கியில் படியெடுத்து வைப்பது மிக மோசமான தீர்வு. முகவர் முன்னனுப்பல் என்பது அதற்கு மாற்று. இதில் சென்னையில் ஒரு சாக்கெட் உருவாக்கப்பட்டு, அங்கு கேட்கப்படும் கையொப்ப வேண்டுகோள்கள் மடிக்கணினியிலுள்ள முகவருக்கு அனுப்பப்படுகின்றன.

சாவி நகரவில்லை என்பது உண்மையே. ஆனால் சென்னை வழங்கியின் மூலப்பயனர் அதிகாரம் பெற்ற எவரும் அந்தச் சாக்கெட்டைத் திறந்து, இணைப்பு நீடிக்கும் வரை, பயனரின் பெயரால் கையொப்பம் கேட்கலாம். மோதிரம் களவு போகவில்லை. ஆனால் அரசரின் கையைப் பிடித்து வேறொருவர் முத்திரையிடுகிறார்.

2019 ஏப்பிரலில் மேட்ரிக்சு என்னும் கட்டற்ற உரையாடல் திட்டத்தின் வழங்கிகள் ஊடுருவப்பட்டது இதற்கு நன்கறிந்த எடுத்துக்காட்டாகும். தாக்கியவர் புதுப்பிக்கப்படாதிருந்த செங்கின்சு மென்பொருளின் வழுவின் வழியாக உள்ளே நுழைந்தார். பின்னர் அக்கணினிக்குள் முன்னனுப்பலோடு நுழைந்த உருவாக்குநரின் முகவரைப் பயன்படுத்தி மற்ற வழங்கிகளுக்குத் தாவினார். திட்டத்தினர் நடந்ததை விரிவாக வெளியிட்டனர். முன்னனுப்பலைத் தவிர்க்குமாறு இன்று பரவலாகக் கூறப்படுவதற்கு அவ்வறிக்கையும் ஒரு காரணம். 2023 சூலையில் குவாலிசு நிறுவனத்தார் கண்டறிந்த வழு இன்னும் கடுமையானது. முன்னனுப்பப்பட்ட முகவரின் வழியாக, தொலைவிலுள்ள தாக்குநர் பயனரின் சொந்தக் கணினியிலேயே நிரலை இயக்க அது இடமளித்தது. 9.3 இரண்டாம் திருத்தத்தில் அது சரிசெய்யப்பட்டது.

2016 இல் வெளிவந்த 7.3 பதிப்பில் சேர்க்கப்பட்ட தாவல் வழங்கி விருப்பம் இத்தேவையைப் பெரும்பாலும் நீக்கிவிட்டது. இதில் சென்னை வழங்கி வெறும் குழாயாக மட்டும் செயற்படுகிறது. மும்பையுடனான குறியாக்கமும் கையொப்பமும் மடிக்கணினியிலேயே நிகழ்கின்றன. முன்னனுப்பல் தவிர்க்க முடியாத இடங்களில், எந்த வழங்கிகளின் வழியாக எந்த வழங்கிக்கு மட்டும் சாவி பயன்படலாம் என்று வரையறுக்கும் வசதி 2022 பிப்ரவரியில் வந்த 8.9 இல் சேர்க்கப்பட்டது. இருப்பினும் பழைய வழிகாட்டிகளைப் பின்பற்றி முன்னனுப்பலை எல்லா வழங்கிகளுக்கும் நிலையாக இயக்கி வைக்கும் வழக்கம் இன்னும் மறையவில்லை.

2020 மீத்திறன் கணினி ஊடுருவல்கள்

2020 மே மாதத்தில் ஐரோப்பாவின் மீத்திறன் கணினி மையங்கள் பல அடுத்தடுத்து மூடப்பட்டன. மே 11 அன்று எடின்பரோவிலுள்ள ஆர்ச்சர் என்னும் பிரித்தானியத் தேசிய மீத்திறன் கணினி, அதன் நுழைவுக் கணினிகளில் ஊடுருவல் கண்டறியப்பட்டதால் நிறுத்தப்பட்டது. செருமனியின் பாடன்-வுயர்ட்டம்பேர்க் மாநிலக் கணினித் தொகுதிகளும் அதே நாளில் நிறுத்தப்பட்டன. மியூனிக் அருகேயுள்ள இலைபுநிட்சு மையம், யூலிச் மையம், சுவிட்சர்லாந்தின் தேசிய மையம் ஆகியனவும் பாதிக்கப்பட்டன. கொரோனாத் தீநுண்மி பற்றிய ஆய்வுகளுக்குக் கணிப்பு நேரம் பெரிதும் தேவைப்பட்ட காலம் அது.

தாக்கியவர்கள் கனடா, சீனா, போலந்து ஆகிய நாடுகளின் பல்கலைக்கழகக் கணக்குகளிலிருந்து களவாடப்பட்ட எஸ்எஸ்எச் நுழைவுச் சான்றுகளைக் கொண்டு உள்ளே வந்ததாகக் கூறப்பட்டது. சில இடங்களில் மொனேரோ என்னும் மறையீட்டு நாணயத்தை ஈட்ட அக்கணினிகள் பயன்படுத்தப்பட்டன.

இத்தகைய தாவல் எவ்வாறு இயல்கிறது என்பதை அறிவது சாவி மேலாண்மைக்கு இன்றியமையாதது. ஓர் ஆய்வாளருக்குப் பல நாடுகளின் மையங்களில் கணக்குகள் இருக்கும். ஒரு மையத்திலிருந்து மற்றொன்றிற்குத் தரவை நகர்த்த எளிதாயிருக்கும் என்று, கடவுத்தொடரற்ற தனிச்சாவியை மையக் கணினியிலேயே அவர் விட்டுவைக்கிறார். அந்த மையத்தில் மூலப்பயனர் அதிகாரம் பெற்றவருக்கு அச்சாவி கிடைத்துவிடும். அச்சாவி எங்கெல்லாம் செல்லும் என்பதையும் அருகிலுள்ள மற்றொரு கோப்பு காட்டிக்கொடுத்துவிடும். பயனர் முன்பு இணைந்த வழங்கிகளின் பட்டியல் அதில் பதிவாகியிருக்கும். இப்பட்டியலைச் சாரமாக்கி மறைக்க அமைவு விருப்பம் உண்டு. ஆர்ச்சர் மீண்டும் திறக்கப்பட்டபோது, கடவுத்தொடர் இட்ட எஸ்எஸ்எச் சாவியும் புதிய கடவுச்சொல்லும் என இரண்டும் ஒருசேரக் கட்டாயமாக்கப்பட்டன. கரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலுள்ள பரம் சக்தி உட்பட, இந்தியாவின் தேசிய மீத்திறன் கணிமைத் திட்டக் கணினிகளிலும் ஆய்வாளர்கள் எஸ்எஸ்எச் வழியாகவே நுழைகின்றனர்.

குறையுள்ள சாவிகள்

பயனர் எவ்வளவு கவனமாயிருந்தாலும் சாவியை உருவாக்கிய மென்பொருளின் பிழையால் அது பயனற்றதாகிவிடக்கூடும். 2006 செப்டம்பரில் டெபியன் இயங்குதளத்தின் ஓப்பன்எஸ்எஸ்எல் தொகுப்பில், நினைவகச் சோதனைக் கருவி ஒன்று தந்த எச்சரிக்கைகளைத் தீர்க்கும் பொருட்டு இரண்டு வரிகள் நீக்கப்பட்டன. அவ்வரிகளோடு சமவாய்ப்பு எண்களுக்கான மூலமும் ஏறக்குறைய முழுதும் போயிற்று. எஞ்சியது செயலாக்க எண் ஒன்றே. ஆகவே ஒவ்வொரு சாவி வகைக்கும் அளவிற்கும் ஏறத்தாழ 32,768 சாவிகள் மட்டுமே உருவாக இயலும் நிலை ஏற்பட்டது. உபுண்டு போன்ற வழிவந்த இயங்குதளங்களுக்கும் இக்குறை பரவியது. லூசியானோ பெல்லோ கண்டறிந்த இக்குறை 2008 மே 13 அன்று அறிவிக்கப்பட்டது. அதுவரை ஏறக்குறைய இருபது மாதங்கள் இதனை எவரும் கவனிக்கவில்லை. வேறிடத்தில் நன்கு உருவாக்கப்பட்ட டிஎஸ்ஏ சாவியும், குறையுள்ள கணினியில் ஒருமுறை கையொப்பமிடப் பயன்பட்டிருந்தாலே வெளிப்பட்டதாகக் கருத வேண்டியிருந்தது. அம்முறையில் ஒவ்வொரு கையொப்பத்திற்கும் புதிய இரகசியச் சமவாய்ப்பு எண் தேவை. அதனை ஊகிக்க முடிந்தால் தனிச்சாவியைக் கணக்கிட்டுவிடலாம்.

இதே வகையான பிழை 2024 ஏப்பிரலில் புட்டியில் வெளிப்பட்டது. 521 பிட்டு நீள்வளையச் சாவிகளுக்கு அது உருவாக்கிய சமவாய்ப்பு எண்ணின் முதல் 9 பிட்டுகள் எப்போதும் சுழியாகவே இருந்தன. ஏறக்குறைய 60 கையொப்பங்களைத் திரட்டினால் தனிச்சாவியை மீட்டுவிடலாம் என்று செருமனியின் போகும் நகர ரூர் பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர் காட்டினர். 0.68 முதல் 0.80 வரையான பதிப்புகள் பாதிக்கப்பட்டன. மென்பொருளைப் புதுப்பித்தால் மட்டும் போதாது. பயன்பட்ட அவ்வகைச் சாவிகளையும் கைவிட வேண்டும்.

நீக்கப்படாத பொதுச்சாவிகள்

தனிச்சாவியைக் காப்பதில் செலுத்தப்படும் கவனம், வழங்கிகளில் விட்டுவந்த பொதுச்சாவிகளின் மீது செலுத்தப்படுவதில்லை. எஸ்எஸ்எச் சாவிக்கு இயல்பாக முடிவு நாள் கிடையாது. பணியிலிருந்து விலகியவரின் கடவுச்சொல் முடக்கப்பட்ட பின்னும் அனுமதிக் கோப்பில் உள்ள ஒரு வரி அவரை உள்ளே விடக்கூடும். எஸ்எஸ்எச்சை உருவாக்கிய யூலோனெனே பிற்காலத்தில் இச்சிக்கலைத் தொடர்ந்து வலியுறுத்தினார். 2015 அக்டோபரில் அமெரிக்கத் தேசியத் தரநிலைக் கழகம் இது குறித்து வெளியிட்ட 7966 எண் அறிக்கையின் ஆசிரியர்களுள் அவரும் ஒருவர்.

அனுமதிக் கோப்பில் ஒவ்வொரு சாவிக்கும் முன்னால் கட்டுப்பாடுகளை எழுதலாம். எந்த முகவரியிலிருந்து வர வேண்டும், எந்த ஒரு கட்டளையை மட்டும் இயக்கலாம் என்பன அவற்றுள் சில. 2018 முதல் முடிவு நாளையும் குறிக்கலாம். இரவில் தானே இயங்கிக் காப்புப்படி எடுக்கும் நிரல்களுக்குக் கடவுத்தொடர் இட முடியாதாகையால், அவற்றின் சாவிகளுக்கு இக்கட்டுப்பாடுகள் மிகவும் தேவை. வழங்கிகள் நூற்றுக்கணக்கில் உள்ள நிறுவனங்கள், 2010 இல் 5.4 பதிப்பில் அறிமுகமான எஸ்எஸ்எச் சான்றிதழ்களைக் கொண்டு, சில மணி நேரமே செல்லுபடியாகும் அனுமதிகளை வழங்குகின்றன.

2020 பிப்ரவரியில் வந்த 8.2 முதல், கையடக்கப் பாதுகாப்பு வன்பொருள்களில் சாவியை வைத்துக்கொள்ளலாம். கருவியைத் தொட்டால்தான் கையொப்பம் கிட்டும்.

சாவி வெளிப்பட்டால்

தனிச்சாவி களவுபோனதாக ஐயம் எழுந்தால் தனிச்சாவிக் கோப்பை அழிப்பதால் பயனில்லை. படி வேறிடத்தில் உள்ளது. முதலில் செய்ய வேண்டியது, அதற்கு இணையான பொதுச்சாவியை எல்லா வழங்கிகளின் அனுமதிக் கோப்புகளிலிருந்தும் நீக்குவதாகும். எந்தெந்த வழங்கிகளில் அது இடப்பட்டது என்னும் குறிப்பு இல்லாதவர்களுக்கு இவ்வேலை நாட்கணக்கில் நீள்வதுண்டு. நிரல் களஞ்சியத்தில் தவறுதலாகச் சேர்க்கப்பட்ட தனிச்சாவியை அடுத்த மாற்றத்தில் நீக்கினாலும் பழைய வரலாற்றில் அது தொடர்ந்து இருக்கும். 2023 மார்ச்சில் கிட்ஹப் நிறுவனத்தின் ஆர்எஸ்ஏ வழங்கிச் சாவியே பொதுக் களஞ்சியம் ஒன்றில் சிறிது நேரம் வெளிப்பட்டது. அந்நிறுவனம் மார்ச் 24 அன்று அதனை மாற்றியது. அச்சாவியை முன்பே ஏற்றிருந்த பயனர்களின் கணினிகளில், வழங்கியின் அடையாளம் மாறிவிட்டதாக எச்சரிக்கை தோன்றியது.

அடுத்து, வழங்கியின் நுழைவுப் பதிகைகளைச் சோதிக்க வேண்டும். பொதுச்சாவி வழியாக நுழைந்த ஒவ்வொருவரின் சாவிக் கைரேகையையும் ஓப்பன்எஸ்எஸ்எச் பதிந்து வைப்பதால், களவுபோன சாவி எப்போது, எந்த முகவரியிலிருந்து பயன்பட்டது என்பதை அறியலாம், பதிகைகள் அழிக்கப்படாதிருந்தால்.

இந்தியாவில் அனுமதியின்றிக் கணினியில் நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000 இன் 43, 66 ஆம் பிரிவுகளின் கீழ் வரும். மோசடி நோக்குடன் செய்தால் மூன்றாண்டு வரை சிறை, 5 இலட்சம் ரூபாய் வரை தண்டம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். இதே சட்டத்தின் 42 ஆம் பிரிவு, மின்கையொப்பச் சான்றிதழ் பெற்றவர் தம் தனிச்சாவியைத் தக்க கவனத்துடன் காக்க வேண்டும் என்றும், அது வெளிப்பட்டால் காலந்தாழ்த்தாது தெரிவிக்க வேண்டும் என்றும் கூறுகிறது. எஸ்எஸ்எச் சாவிகளுக்கு அது நேரடியாகப் பொருந்தாது. இந்தியக் கணினி அவசரநிலைக் குழு 2022 ஏப்பிரல் 28 அன்று பிறப்பித்த ஆணையின்படி, நிறுவனங்கள் இத்தகைய ஊடுருவல்களை அறிந்த 6 மணி நேரத்திற்குள் தெரிவிக்க வேண்டும். பதிகைகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும்.